நகரச் சதுரங்கச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கூட்டத்தை மாலை 4 மணிக்கு அழைத்திருந்தோம். கூட்டம் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (குறைவெண்) சேராததால் 4.50-க்குத்தான் தொடங்க முடிந்தது. அதையும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. மே மாதம் கோடைப் பயிற்சி முகாம் நடந்தது. சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு தொடங்கி நூறு ஆண்டுகள் ஆனதையொட்டி ஜூலை 20 அன்று நூலக மாடியில் ரேபிட் (குறுகிய நேர ஆட்டப்) போட்டி வைத்தோம். சங்கங்களின் பதிவாளர் அலுவலகத்துக்கு அளிக்க வேண்டிய கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் அளிக்கப்பட்டன.

நம் விளையாட்டுக்கு இது மறக்க முடியாத ஆண்டு. செப்டம்பரில் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாட்டில் பொதுப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டிலும் இந்தியா தங்கம் வென்றது. டிசம்பர் 12, வியாழக்கிழமை, சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அன்று மாலை நூலக மாடியில் உட்கார இடமில்லை. 14-ஆவது ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். ஆட்டத்தையும் பட்டத்தையும் பறிகொடுத்த தவறு அது. நம் பத்து வயதுப் பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள். பெரியவர்களுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. இந்தச் சங்கத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்ததற்கு அந்த அரை நிமிடம் ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த இரண்டு வாரம் என் கைபேசி ஓயவில்லை. வகுப்பு எப்போது, கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் தரப்புள்ளி) வரும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். 41 பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆனால் ஞாயிறு காலை கூடத்தை யார் திறக்கிறார்கள், பலகைகளை யார் விரிக்கிறார்கள், முடிந்ததும் காய்களை எண்ணிப் பையில் போடுவது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். கடந்த பொதுக்குழுவில் நான் முன்மொழிந்தது முறைப் பட்டியல். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டில் இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை 8 முதல் 11 வரை, கூடத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். செஸ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. 26 பேர் பெயர் கொடுத்தார்கள். ஜூன் மாதம் ஏழு பேர் வந்தார்கள், ஆகஸ்டில் மூன்று பேர். அக்டோபருக்குப் பிறகு பட்டியலில் இருந்த பெயர்களுக்கும் கூடத்தில் நின்றவர்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. பொருளாளரும், நானும், ஒரு மாணவியின் பாட்டியும்தான் நின்றோம். அந்த அம்மா உறுப்பினர்கூட இல்லை. பேத்தியைக் கொண்டுவந்து விடுபவர், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று காய்களை அடுக்க ஆரம்பித்தார். இப்போது எந்தப் பையில் எந்தக் குதிரை குறைகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

நவம்பர் மாதச் சிறுவர் போட்டியைப் பற்றி வெளியே பல விதமாகப் பேசப்பட்டதால், நடந்ததை நடந்தபடி இங்கே சொல்கிறேன். முந்தைய நாள் மாலை 6 மணியோடு பதிவு முடியும் என்று பிராஸ்பெக்டஸில் (போட்டி விதிமுறைக் குறிப்பில்) தெளிவாகப் போட்டிருந்தோம். இரவு 9 மணிக்கும் போட்டியன்று காலை 8 மணிக்கும் நம் உறுப்பினர்களிடமிருந்தே அழைப்பு வந்தது. “நம்ம பையன்தானே சார், கடைசியா ஒரு பேர் சேத்துக்குங்க” என்றார்கள். நான் மறுத்தேன்.

ஏன் மறுத்தேன் என்றால், ஸ்விஸ் முறையில், அதாவது யாரும் வெளியேறாமல் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி உள்ளவர்களை மோதவைக்கும் முறையில், ஒரு பெயர் என்பது வெறும் ஒரு பெயர் அல்ல. ரேட்டிங் வரிசையில் 60 பேர் இருந்தால் முதல் சுற்றில் 1-ஆம் இடக்காரர் 31-ஆம் இடக்காரரோடு ஆடுவார், 2-ஆம் இடக்காரர் 32-ஆம் இடக்காரரோடு. ரேட்டிங் உள்ள ஒருவரை நடுவில் 20-ஆவது இடத்தில் நுழைத்தால், முதல் 19 பலகையிலும் எதிராளி மாறிவிடுவார். எண்ணிக்கை 61 ஆகிவிடுவதால் பட்டியலின் கடைசிப் பிள்ளைக்கு ‘பை’ விழும். ஒரு புள்ளி கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. விடியற்காலையில் பஸ் பிடித்து வந்த பிள்ளையைச் சும்மா உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு மூன்று பெயர்களைக் கடைசி நேரத்தில் சேர்த்து, பேரிங்கை (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியலை) திரும்பத் திரும்பப் போட்டு, முதல் சுற்று 50 நிமிடம் தாமதமானது. அன்று தாமதத்துக்காகத் திட்டியவர்களும் இந்த ஆண்டு மறுத்ததற்காகக் கோபித்துக்கொண்டவர்களும் சிலர் ஒரே ஆட்கள். இரண்டு குடும்பங்கள் அதன் பிறகு சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த முடிவு சரியானதே என்று இன்றும் சொல்வேன்.

பரிசளிப்பில் நடந்தது இன்னொன்று. இரண்டு பிள்ளைகள் ஏழு சுற்றில் தலா 6 புள்ளி. புக்கோல்ஸ் கணக்குப்படி ஒருவருக்கு இரண்டாம் இடம், மற்றவருக்கு மூன்றாம் இடம். புக்கோல்ஸ் என்பது ஒருவர் யார் யாரோடு ஆடினாரோ அவர்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. முதல் சுற்றிலேயே தோற்ற பிள்ளை பெரும்பாலும் கீழே இருப்பவர்களோடு ஆடித்தான் மேலே ஏறி வரும். அதனால் கூட்டுத்தொகை குறையும். இதில் யாருடைய கையும் இல்லை, கணினி போட்ட கணக்கு. ஆனால் மேடைக்குக் கீழே நம் பொருளாளரைப் பார்த்து “எவ்வளவு வாங்கினீங்க?” என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பொருளாளரோ போட்டிக்காகத் தன் கடைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டுவிட்டு வந்தவர். அன்று இரவு அவர் ராஜினாமா கடிதத்தை எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் பேசித்தான் திரும்ப வாங்க வைத்தேன்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். டை பிரேக் (சமப் புள்ளி வந்தால் இடத்தை முடிவு செய்யும்) விதி பிராஸ்பெக்டஸில் இருந்ததே தவிர, அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை. கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஒரு முறை மைக்கில் சொல்லியிருக்கலாம். இனிமேல் இரண்டையும் செய்வோம்.

சென்னையில் 1972-இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் அதற்காக உழைத்தார். அங்கே வந்து ஆடிய சிறுவன் ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனந்தை எல்லோருக்கும் தெரியும். அந்த அறையைத் திறந்து வைத்தவர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

சரி, கணக்குக்கு வருகிறேன். வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, விரும்புவோர் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால் நுழைவுக் கட்டணமும் நன்கொடையும் போட்டிச் செலவுக்கே சரியாகப் போயின. புதிய டிஜிட்டல் கடிகாரங்கள் வாங்கியதில் கொஞ்சம் பற்றாக்குறை விழுந்தது. அதைக் குழுவினர் தற்காலிகமாகக் கைப்பணம் போட்டுச் சரிக்கட்டியிருக்கிறோம். சந்தா ஆண்டுக்கு 500 ரூபாய். 112 உறுப்பினர்களில் மார்ச் 31 வரை கட்டியவர்கள் 49 பேர். மீதிப் பேரின் பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. அவர்களில் பலர் என் நண்பர்கள். பலருடைய பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கடிகாரங்களில்தான் ஆடுகிறார்கள்.

கூடம் தந்த நூலகத்தாருக்கும், பரிசுக் கோப்பைகள் வழங்கிய கொடையாளர்களுக்கும், நடுவர்களுக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும், தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அந்தப் பாட்டிக்கு என் தனிப்பட்ட நன்றி. அவரைக் கௌரவ உறுப்பினராக்கும் தீர்மானத்தை இன்றே கொண்டுவருகிறேன்.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். இந்தக் கூட்டத்தோடு என் பதவிக்காலம் முடிகிறது. வீட்டிலும் இது போதும் என்கிறார்கள். பேரிங் போடும் லேப்டாப் என்னுடையது, ஆனால் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரத் தயார். யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று இந்தப் பொதுக்குழுதான் சொல்ல வேண்டும். குறைந்தது எட்டுப் பேர் இன்று முறைப் பட்டியலில் கையெழுத்திட்டு, அந்த எட்டுப் பேரும் உண்மையிலேயே வருவார்கள் என்றால், இன்னும் ஓராண்டு தொடர்வது பற்றி நான் யோசிக்கக்கூடும். பட்டியலை வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன், பேனாவும் அங்கேயே இருக்கிறது. முதல் வரி வரும் ஞாயிறு, காலை 8 மணி. கூடத்தின் சாவியை அதில் பெயர் எழுதுபவரிடமே இன்று கொடுத்துவிடுகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்