கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு சொல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மனநல வார்டுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்குப் பதினோரு வருடமாகச் சிகிச்சை நடக்கிறது. போன தடவை ஒரு வார்டில் சேர்த்த மறுநாள் காலை போய்ப் பார்த்தால், கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு "வயலண்ட் ஆயிட்டாரும்மா" என்றார் டியூட்டி சிஸ்டர். கேஸ் ஷீட்டிலும் அந்த ஒரு சொல்தான். எத்தனை மணிக்கு, யாரை, எதனால் என்று ஒரு வரி இல்லை. பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாதான் விவரம் சொன்னார். அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுங்கள் என்று என் தம்பி ராத்திரி ஒரு மணி நேரம் கெஞ்சியிருக்கிறான். யாரும் காதில் வாங்காததால் டம்ளரைச் சுவரில் அடித்தானாம்.

சுவரில் டம்ளரை அடிப்பதும் ஆளை அடிப்பதும் ஒன்றா? 1986-இல் அமெரிக்க மனநல மருத்துவர் யுடோஃப்ஸ்கியின் குழுவினர் வெளியிட்ட ஆக்ரோஷ அளவுகோல் இவற்றைத் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறது: வாய்ச்சொல், பொருள்மேல், தன்மேல், பிறர்மேல். ஊழியர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்பதற்கும் அதே தாளில் இடம் உண்டு. எனக்குப் பிடித்ததே அந்தப் பகுதிதான்.

ஆக்ரோஷம் வருமா என்று முன்கூட்டியே பார்க்க நார்வேயில் உருவான புரோசெட் பட்டியல் இருக்கிறது. குழப்பம், எரிச்சல், கூச்சல், வாய்மிரட்டல், அடிக்கப் பாய்வது, பொருள்களைத் தாக்குவது. ஆறே கேள்விகள், இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மொத்தம் 3 வந்துவிட்டால் அடுத்த 24 மணி நேரம் உஷார். ஷிப்ட் மாறும்போது சில நிமிடத்தில் முடிகிற வேலை.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். சரி, அன்று ராத்திரி அந்த வார்டு முழுக்க ஒரே சிஸ்டர்தான். சிஸ்டர்கள் வாங்கும் அடியும் எங்கேயும் பதிவாவதில்லை. பதிவே இல்லாமல் கூடுதல் ஆள் கேட்டால் மேலே யார் கொடுப்பார்கள்? ஆனால் ஆள் குறைவு என்பதற்காகக் கட்டிப் போடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தண்டனையாகவும் கூடாது. வேறு வழியே இல்லாமல் கட்டினால், காரணத்தை எழுத வேண்டும், நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது நோயாளியின் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தம்பிக்கு அந்தப் பிரதிநிதி நான்தான். எனக்கும் போன் வரவில்லை.

கேஸ் ஷீட்டில் அந்த அளவுகோலையும் பட்டியலையும் சேருங்கள். "வயலண்ட்" என்று எழுதுகிற இடத்தில் நடந்ததை எழுதுங்கள். அவன் ஃபைல் அட்டையில் அந்தச் சொல் இன்னும் சிவப்பு மையில் இருக்கிறது, புது டாக்டர் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறார். அதை அடித்துவிட்டு, டம்ளர், சுவர், ராத்திரி என்று எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா