தடைக்காலமும் டீசல் டேங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலப் பராமரிப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, மரவேலை, பெயின்ட், வலை என அனைத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டு டீசல் டேங்கை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

சென்ற ஆண்டு தடை முடிந்து நாகையிலிருந்து புறப்பட்ட எங்கள் படகின் எஞ்சின், முகத்துவாரம் வரை ஒழுங்காக ஓடி, அலையில் படகு ஆடத் தொடங்கியதும் வெண்புகை கக்கி நின்றுவிட்டது. பில்டரில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால், மேலே டீசல், அடியில் மூன்று விரல் உயரம் தண்ணீர், நடுவே கஞ்சி ஆடை போலப் பழுப்பு நிறத்தில் ஒரு படலம். பங்க்கில் கலப்படம் என்றே கொதித்தோம். அதே நாளில் அங்கேயே டீசல் பிடித்த பக்கத்துப் படகு சிக்கலின்றி ஓடியதைக் கண்ட பிறகுதான் எங்கள் டேங்கின் மீது சந்தேகம் திரும்பியது.

தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் பாதி டேங்குடன் கட்டிக் கிடக்கும் படகில், பகல் வெயிலில் விரிந்து வெளியேறும் காற்றுக்குப் பதிலாக இரவில் ஈரமான கடற்காற்று உள்ளே புகுந்து, டேங்கின் சுவரில் வியர்த்து வடிகிறது. படகின் மேல்தளத்தில் உள்ள டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் கழுவும் நீரும் சேர்ந்துகொள்ளும். லிட்டருக்கு ஏறத்தாழ 830 கிராம் எடையுள்ள டீசலுக்கு அடியில் தங்கும் இத்தண்ணீர், கரையில் உறிஞ்சு குழாய்க்கு எட்டாமல் கிடந்து, கடலில் படகு உருளும்போது குழாய்க்குள் ஏறுகிறது. டீசலையே மசகாகக் கொண்டு ஓடும் எஞ்சினின் எரிபொருள் பம்ப்பில் அது துருவை உண்டாக்குகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்களின் பாசி போன்ற படலம் பில்டரை அடைக்கிறது.

டேங்கை நிரப்பி வைப்பதே நல்லது என்றாலும் இரண்டு மாதம் வருமானமில்லாத நேரத்தில் அவ்வளவு பணத்தை முடக்க எத்தனை பேரால் முடியும்? முடியாதவர்கள் முழுவதும் வடித்துத் துடைத்து, புறப்படும் முன் புதிதாக நிரப்பி, ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் அடிக்குழாயைத் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். தண்ணீரை டீசலோடு கரைத்துவிடும் என்று கடைகளில் விற்கும் மருந்துகளை நான் நம்புவதில்லை. இவ்வளவு தண்ணீரை அவை பம்ப் வழியாகவே அனுப்பிவைக்கும்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறை நடத்தும் படகு ஆய்வின்போது, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவுகோலில் தடவி டேங்கின் அடிவரை விட்டுப் பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர் ஒருவர்,
நாகப்பட்டினம்.