என்னைக் கேட்டவர்களுக்கு நன்றி

என் மகள் கடலூருக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. பெற்றது நான், வளர்த்தது வேறு ஒரு தாய். மகள் பெயரையும் என் பெயரையும் இங்கே எழுதவில்லை.

1999-இல் எனக்கு 19 வயது, கல்யாணம் ஆகவில்லை. குழந்தையைத் தத்துக் கொடுக்க வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் விரலால் காட்டினார்கள். இன்று குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. அன்று எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

பெற்றவள் பிள்ளையைத் தேட நம் சட்டத்தில் வழியில்லை. பிள்ளைதான் மனு போட்டுத் தன் வேரை, அதாவது பெற்றவர்களைத் தேடலாம்; 18 வயது முடிந்திருந்தால் தனியாகவே மனு போடலாம். அப்போதும், தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று பெற்றவள் கேட்டிருந்தால், அவள் சம்மதிக்காமல் அவள் யார் என்று காட்டிக்கொடுக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்திலிருந்து, என் மகள் போட்ட மனுவுக்காகப் போன் செய்த அந்த அம்மா. எடுத்ததும் அவர் கேட்டது: "பக்கத்துல யாராவது இருக்காங்களா? இப்ப பேசலாமா?" மகளைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னால் விஷயம் அதோடு முடிந்துவிடும், மறுபடி கூப்பிட மாட்டோம் என்றார். என் வீட்டுப் பக்கம் ஒரு ஜீப் வரவில்லை, ஒரு கடிதம் வரவில்லை. அம்மா, உங்களுக்கு என் முதல் நன்றி.

பதில் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் ஆனது. என் வீட்டுக்காரரிடம் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். விடிந்ததும், "நீ தனியா போவாத, நானும் வரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

என் மகளை வளர்த்த அக்கா, நீங்கள் பிறந்தநாளுக்கு ஒன்றாக 24 போட்டோ கொண்டுவந்தீர்கள். கையில் கொடுக்கும் முன், "வீட்டுல வச்சுக்க முடியுமா, இல்ல நானே வச்சிருக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். சின்ன வயதிலேயே அவளிடம் உண்மையைச் சொன்னதும், என்னைப் பற்றி ஒரு தப்பான சொல் இல்லாமல் வளர்த்ததும் நீங்கள். அவள் பேச்சில் அது தெரிந்தது.

அப்புறம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் எல்லோரும் உட்கார்ந்தோம். முந்திரி உடைத்து உடைத்துத் தோலுரிந்து கறுத்த என் கையை மறைத்துக்கொண்டிருந்தேன். "தொடலாமாம்மா?" என்று கேட்டுப் பிடித்தாள். வெயில் சாயும் வரை விடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறாள். பண்ருட்டிப் பலாப்பழ சீசனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக, எங்கள் முந்திரிக் கொட்டகைப் பெண்களுக்கு. எங்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. மகளைச் சந்தித்த அன்று நான் எங்கே போனேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக உடைத்து என் கணக்கிலும் நாலு கிலோ எழுதிவைத்திருந்தீர்கள். சாயங்காலம் அழுத கண்ணோடு வந்த எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். எங்கே போனேன் என்று இதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், அக்காமாரே.