தாராவியில் வாக்காளர்களுக்குத் துணைநின்றவர்களுக்கு எங்கள் நன்றி மடல்

மும்பை, டிசம்பர் 2024

அன்புடையீர்,

வணக்கம். நவம்பர் 20 அன்று மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு முடிந்து, 23 அன்று முடிவுகளும் வெளியாகி, தெருவில் கட்டியிருந்த கொடிகளை அவரவர் அவிழ்த்துக்கொண்டு போன பிறகே இந்த மடலை எழுதுகிறோம். எந்தக் கட்சியையும் சாராத ஒரு குடிமை உரிமை அமைப்பு சொல்லும் நன்றி, வெற்றி தோல்விப் பேச்சோடு கலந்துவிடக் கூடாது என்பதே தாமதத்திற்குக் காரணம்.

வாக்குப்பதிவு நாளன்று மேசை போட்டு உட்கார்ந்திருந்ததே எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசி உழைப்பு அதற்கு முந்தைய மாதங்களில், பட்டியலில் பெயர் தேடுவதிலேயே கழிந்தது. மராத்தியர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. பட்டியலும் அதை முன்னே வைத்தே எழுதப்படுகிறது. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே வாழும் நம்மவர்களுக்கோ இருப்பது ஓர் இனிஷியல்தான். முருகன் மகள், ராஜாவின் மனைவி செல்வி என்பவர், ‘முருகன் செல்வி’யாகவும் இருக்கலாம், ‘ராஜா செல்வி’யாகவும் இருக்கலாம், ‘செல்வி ராஜா’வாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, மராத்தி எழுத்தில் நம் ழகரத்தின் பாடு பெரும்பாடு. எழிலரசி என்ற அக்கா ஒருவர் தம் பெயர் ‘எலிலரசி’ என்று அச்சாகியிருப்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு வருந்தவும் செய்தார்.

ஆகவே முதல் நன்றி, நாங்கள் ‘தாயி’ (மராத்தியில் அக்கா) என்று அழைக்கும், ஓய்வுபெற்ற மராத்திப் பள்ளி ஆசிரியைக்கு. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அவர், மாலைதோறும் எங்கள் அறைக்கு வந்து பட்டியலை வரிவரியாக உரக்கப் படித்தார். சுற்றி அமர்ந்திருந்த நம் பெண்கள் காதுகொடுத்துக் கேட்டு, “நிறுத்துங்க தாயி, அது எங்க மாமியார்” என்று அடையாளம் கண்டார்கள். இல்லை என்று கைவிட்ட பெயர்கள் பல, கணினித் தேடலில் அகப்படாமல், இப்படிச் செவிவழியாகவே கிடைத்தன. தவறாக இருந்தவற்றைத் திருத்தப் படிவம் 8, அறவே இல்லாதவற்றைச் சேர்க்கப் படிவம் 6 என்று பிரித்து நிரப்பிக் கொடுத்த கல்லூரி மாணவ மாணவியருக்கும், நள்ளிரவு வரை கடையைத் திறந்து வைத்து, பாதிப் படிகளுக்குக் காசே வாங்காத ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் நன்றி.

இந்த வேலையின் அருமை தாராவிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் தகுதி பார்க்கும்போது, முன்பு 1995 ஜனவரி 1, பின்னர் 2000 ஜனவரி 1 என்று கெடுதேதிகள் வைக்கப்பட்டு, அந்தக் காலத்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்ததே குடியிருப்புக்குச் சான்றாகக் கேட்கப்பட்டது. அதனால்தான் பழைய பட்டியலின் நகலை நம் பாட்டிமார்கள் நகையோடு நகையாகப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்காக வீடுகளைக் கணக்கெடுக்கும் பணி நடந்துகொண்டிருக்கும் இந்த 2024ஆம் ஆண்டில், பெயர் விடுபட்டவர்களின் கலக்கம் வாக்கைப் பற்றியது மட்டுமாக இல்லை.

அக்டோபர் 15 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டது. வேட்புமனுவுக்கான கடைசி நாள் 29. அதற்குப் பத்து நாள் முன்பாகவே பெயர் சேர்க்கும் விண்ணப்பம் சேர வேண்டியிருந்ததால், எங்களுக்கு மிஞ்சியவை நான்கே நாட்கள். அந்த நான்கு நாட்களில் வீடு வீடாக ஏறி இறங்கிய வாக்குச்சாவடி நிலை அலுவலர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்களிலும் பலர் ஆசிரியர்கள். பள்ளி வேலை முடிந்த பிறகே இந்தக் கல்லிகளுக்குள், குறுகிய சந்துகளுக்குள், வந்தார்கள். அதற்குப் பின் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அவர்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறோம்.

ஊரிலும் இங்குமாக இரண்டு இடத்தில் பெயர் வைத்திருந்தவர்களிடம் பேசியது சங்கடமான வேலை. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, மும்பையில் மே 20 என்று மக்களவைத் தேர்தல் வேறு வேறு நாளில் வந்ததால், இரண்டையும் போட்டுவிடலாமே என்று சிலர் வெள்ளந்தியாகவே கேட்டார்கள். ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே பதிவாகலாம் என்பதை அதட்டாமல் எடுத்துச் சொல்லி, ஒன்றை நீக்க எழுதிக்கொடுக்க வைத்த சங்கத்துப் பெரியவர்களுக்கு நன்றி. நாங்கள் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டம். தோல் பட்டறையில் பீஸ் கணக்கில் வேலை செய்பவருக்கு அது ஏட்டளவில்தான். கேட்டுக்கொண்டதும் மதியம் வரை பட்டறையைப் பூட்டி, அரைநாள் கூலியையும் கொடுத்த முதலாளிகளை இங்கே நினைவுகூர்கிறோம், அவர்கள் சிலரே.

நவம்பர் 20 அன்று எங்களை அதிகம் அலைக்கழித்தது கைபேசி. உள்ளே கொண்டுபோகக் கூடாது, வெளியே வைக்கவும் இடமில்லை என்றானதும், வரிசையில் நின்றவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். 90 அடி சாலையில் இட்லிக் கடை நடத்தும் அக்கா, கடையின் முன்பக்கத்தை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். பழைய சாப்பாட்டு டோக்கன்களில் எண் எழுதி, பைகளில் போட்டு, மாலை வரை ஒரு கைபேசிகூட மாறாமல் அவருடைய மகன் திருப்பிக் கொடுத்தார். வரிசைக்கு நாற்காலியும் மோரும் அதே கடையிலிருந்துதான் போயின.

ரேஷன் அட்டையோடு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பி, ஆதாரையோ படம் ஒட்டிய வங்கிப் புத்தகத்தையோ எடுத்துவரச் செய்த தன்னார்வலர்கள் எத்தனை நடை நடந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. ஊரில் பல மாதம் தங்கித் திரும்பிய ஒரு பாட்டி, வீட்டில் இல்லாதோர், இடம்பெயர்ந்தோர் என்று அலுவலர்கள் குறித்துவைக்கும் பட்டியலில் ஏறியிருந்தார். அந்தப் பட்டியலில் இருப்பவரும் அடையாளத்தை நிரூபித்து, உறுதிமொழியில் கைரேகை வைத்துவிட்டு வாக்களிக்கலாம் என்பதை அறிந்திருந்த வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், பாட்டியை உட்காரவைத்து அதைச் செய்து முடித்தார்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பார்வையற்றவருக்குத் துணையாக உள்ளே செல்பவர், அதே நாளில் வேறொருவருக்குத் துணை செல்ல முடியாது. இது தெரிந்தும், இரண்டு முதியவர்களுக்கு ஒரே தன்னார்வலரை ஒதுக்கிவிட்டோம். இரண்டாமவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒரு தாய், தராசை அப்படியே விட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றார். திரும்பி வந்தவரிடம் நன்றி சொல்லக்கூட எங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அம்மா, இதைப் படிப்பவர் யாராவது உங்களிடம் சொல்வார்கள் என்று நம்புகிறோம்.

வேறொரு சாவடியில், ஓர் இளம்பெண்ணின் வாக்கை அவர் வருவதற்குள் யாரோ போட்டுவிட்டிருந்தார்கள். அழுதுகொண்டே வெளியே வந்தவரை எங்கள் மேசைக்கு அழைத்து, தேர்தல் நடத்துதல் விதி 49P-யின்படி டெண்டர் வாக்குச்சீட்டு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று தொலைபேசியில் விளக்கிய மாட்டுங்காவைச் சேர்ந்த வழக்கறிஞருக்கு நன்றி. அந்தச் சீட்டு உறையில் தனியே வைக்கப்படும், நீதிமன்றம் சொன்னாலன்றி எண்ணப்படாது என்பதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். “எண்ணலைன்னாலும் எழுதி வெச்சிருக்கட்டும்” என்று அந்தப் பெண் மீண்டும் உள்ளே போனார். இந்த ஆண்டில் நாங்கள் கேட்ட சொற்களில் மனத்தில் தங்கியவை இவைதாம்.

வரும் ஜனவரி 1 அன்று 18 வயது நிறைபவர்களுக்கான படிவம் 6 எங்களிடம் இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் தாயி வழக்கம்போல் வருவார். இட்லிக் கடையில் உரிமை கோரப்படாமல் ஒரு மூக்குக்கண்ணாடியும், நீலக் குடையும், 47ஆம் எண் டோக்கனுக்குரிய சார்ஜரும் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுமாறு அக்கா சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளரும் தன்னார்வலர்களும்