தாமிரபரணியின் தினசரி அளவுகளைத் தாருங்கள்

ஆற்று நீர் அளவுப் பதிவேடுகளைப் பராமரிக்கும் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் விண்ணப்பம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. காலநிலை மாறும்போது ஆற்றின் ஓட்டமும் சூடும் எப்படி மாறும் என்று கணக்கிடும் எங்கள் கணினி மாதிரியைச் சரிபார்க்கத்தான் கேட்டோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். மறுபடியும் கேட்கிறேன்: தாமிரபரணி அணைக்கட்டுகளின் தினசரி நீரோட்ட அளவையும் தண்ணீரின் வெப்பநிலையையும் கொடுங்கள்.

ஒருவழியாகப் போன மாதம் பதில் வந்தது. மாதச் சராசரி! 2023 டிசம்பருக்கு ஒரே ஒரு எண். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிய மாதம் அது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகளும் சிக்கித் தவித்தார்கள். அந்த வெள்ளத்தை 31 நாளுக்கும் பரப்பிவிட்டால் அதில் வெள்ளம் எங்கே இருக்கும்? எங்கள் கணினி மாதிரி அதைப் பிடித்ததா, கோட்டைவிட்டதா என்று எதை வைத்துப் பார்ப்பது? வெப்பநிலைக் கட்டத்தில் எண்ணே இல்லை, வெறும் கோடு.

உலகக் காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன; அதில் ஒரு கட்டமே 100 கி.மீ. அளவுக்கு இருக்கும். பொதிகையிலிருந்து கடல்வரை ஒன்றிரண்டு கட்டத்தில் முடிந்துவிடும். அதை 25 கி.மீ. கட்டங்களாக நுணுக்கிய (டவுன்ஸ்கேல் செய்த) தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலும் மலைமேல் இருக்கும் மாஞ்சோலையின் மழையையும் அடிவாரத்து மழையையும் சரியாகப் பிரிக்க முடிவதில்லை. மழைக் கணக்கில் விழும் பிழை ஆற்றுக் கணக்கில் இன்னும் பெருகும். அளந்த நீரோட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும். தண்ணீரின் சூட்டைக் காற்றின் சூட்டிலிருந்து ஊகிக்கலாம் என்றால், அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் அந்தக் கணக்குக்குள் அடங்காது. கோடையில் தண்ணீர் சூடானால் அதில் கரைந்த ஆக்சிஜன் குறையும், மீன் தாங்காது. கார், பிசானம் ஆகிய இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் எப்படி வரும் என்பதும் இதே கணக்குதான்.

இது இரண்டு மாநிலங்கள் வழக்காடும் ஆறும் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேர்கிறது. யாரிடமிருந்து இந்த ரகசியம்? 2100-ல் ஆறு எப்படி ஓடும் என்று கருத்தரங்கு தவறாமல் வண்ணப் படம் காட்டுகிறார்கள். நேற்று எப்படி ஓடியது என்று கேட்டால்தான் கோப்பு நகர மறுக்கிறது. அறிக்கையின் அட்டைக்கு ஆகும் செலவில் நாலு வெப்பமானி வாங்கலாம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எட்டு அணைக்கட்டுகளுக்கும் தர இயலாவிட்டால் மருதூர், ஸ்ரீவைகுண்டம் இரண்டுக்காவது நாள்வாரி அளவுகளைத் தாருங்கள். தட்டச்சு செய்ய ஆள் இல்லையென்றால் பதிவேட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும். எண்களை நாங்களே ஏற்றிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நீரியல் ஆய்வு மாணவர் ஒருவர்