விளக்குமாறு கட்டும் கல்லூரி

திண்டுக்கல்

அன்புள்ள சாந்தி,

நாங்கள் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்காமல் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு என்று மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். நீ கேட்கமாட்டாய், தெரியும்.

போன வாரம் சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி, "படிக்கிறேன் என்று அமெரிக்கா போன பெண் அங்கே விளக்குமாறு கட்டுகிறாளாமே?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். இலையை மடக்கிவிட்டு எழுந்து, "ஆமாம், கட்டுகிறாள். வாரத்தில் பத்து மணி நேரம்" என்று அங்கேயே சொன்னேன். சொல்லி முடியாத மீதியை உனக்கு எழுதுகிறேன்.

என் மகள் கயல் சேர்ந்திருக்கும் பெரியா கல்லூரி, கென்டக்கி மாநிலத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர்தான். 1892 முதல் அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். சேர்ந்த ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும்: பண்ணை, நூலகம், தறி, தச்சுப் பட்டறை, கல்லூரியே நடத்தும் ஓட்டல். கயலுக்கு விளக்குமாற்றுப் பட்டறை. 1920 முதல் நடக்கும் பட்டறை அது. அந்த விளக்குமாறு எதில் கட்டுகிறார்கள் தெரியுமா? சோளத்தில்! தானியத்துக்காக இல்லாமல் நீண்ட கதிருக்காகவே வளர்க்கும் ஒரு வகைச் சோளம். உன் அப்பா கேட்டிருந்தால் உடனே விதை வாங்கி அனுப்பச் சொல்லியிருப்பார்.

முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவள் அலபாமாவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். அறைத்தோழி கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், வெள்ளைக்காரி. வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தானாம். கயல் ரசம் வைத்தால் இரண்டு தம்ளர் குடிக்கிறாளாம். தொலைபேசியில் இதையெல்லாம் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கல்லூரியின் வரலாற்றைப் படித்த பிறகு இந்த மூவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. வரலாற்று டீச்சரிடம் மாட்டிக்கொண்டாய், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

1855இல் ஒற்றை அறைப் பள்ளியாக அதைத் தொடங்கியவர் ஜான் கிரெக் ஃபீ என்ற பாதிரியார். அவருடைய சொந்த அப்பாவே அடிமைகளை வைத்திருந்தவர். மகனோ அடிமைமுறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1859இல் ஆயுதங்களோடு வந்த கூட்டம் பள்ளியைச் சேர்ந்தவர்களை மாநிலத்தைவிட்டே விரட்டியது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் திரும்பி வந்து, 1866இல் மறுபடி திறந்தார்கள். அந்தக் கல்வியாண்டில் 187 மாணவர்கள். 96 பேர் கறுப்பர், 91 பேர் வெள்ளையர். ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள். அடிமைமுறை ஒழிந்த மறு வருடம், சாந்தி! இதைப் படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை.

பிறகு 1904இல் கென்டக்கி சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. இரண்டு இனத்தாரையும் சேர்த்துப் படிக்கவைக்கும் நிறுவனத்துக்கு ஆயிரம் டாலர் அபராதம். சேர்ந்து உட்காரும் மாணவனுக்கு நாளொன்றுக்கு ஐம்பது டாலர். வேண்டுமானால் இன்னொரு கிளை நடத்தலாம், ஆனால் இருபத்தைந்து மைலுக்கு அப்பால். கல்லூரி வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போய் 1908இல் தோற்றது. கல்லூரிக்குச் சாசனம், அதாவது நடத்துவதற்கான அனுமதி, தந்தது மாநிலம், அதை மாற்றவும் மாநிலத்தால் முடியும் என்றார்கள். கென்டக்கியில் பிறந்த நீதிபதி ஹார்லன் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. 1926இல் கறுப்பர் வரலாற்று வாரத்தைத் தொடங்கினாரே கார்ட்டர் உட்சன், அவர் 1903இல் அங்கே பட்டம் பெற்றவர். இரண்டு வருடம் பிந்திச் சேர்ந்திருந்தால் பாதியில் வெளியேற்றியிருப்பார்கள்.

பழி முழுவதும் சட்டத்துக்கு மட்டும் இல்லை. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே, ஃபிராஸ்ட் என்ற தலைவர் காலத்தில், மலைப்பகுதி வெள்ளையரை நோக்கிக் கல்லூரி சாயத் தொடங்கிவிட்டது. வெளியே அனுப்பப்பட்ட கறுப்பின மாணவர்கள் வேறு கல்லூரிகளில் சேரப் பண உதவி செய்தார்கள். 1912இல் அவர்களுக்கென்று தனிப் பள்ளியும் திறந்தார்கள். இருந்தாலும் சட்டம் தளர்ந்து அவர்கள் உள்ளே வர 1950 ஆகிவிட்டது. நாற்பத்தாறு வருடம்! ஒரு தலைமுறை முழுவதற்கும் அந்தக் கதவு மூடியே இருந்தது.

அங்கே பிரித்துவைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. நாம் படித்தபோது நம் விடுதியில் யார் சட்டம் போட்டார்கள்? சேர்ந்த முதல் வாரத்திலேயே "எந்தத் தெரு?" என்று கேட்டே சாப்பாட்டு வரிசையைப் பிரித்துவிட்டார்களே. நம்மோடு படித்த பேச்சி தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவாள், நீ உன் தட்டோடு பின்னாலேயே ஏறுவாய். அவளுடைய அம்மா பெருக்கிய வராந்தாவில்தான் நாம் எல்லாரும் நடந்தோம். பெரியப்பா பந்தியில் சொன்ன விளக்குமாற்றில் அந்த அம்மாவும் இருந்தார். எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். விளக்குமாற்றைத் தொடும் கை எந்தச் சாதியின் கை என்று இங்கே எல்லாருக்கும் ஓர் எண்ணம் இருக்கிறது. என் மகள் பாட்டும் பேச்சுமாக உட்கார்ந்து அதைக் கட்டக் கற்றுக்கொள்கிறாள், அதற்காக ஊதியமும் வாங்குகிறாள். அவள் எடுக்கப்போகும் பட்டத்தைவிட இதில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

ஒரு கவலையும் இருக்கிறது. படித்து முடித்து இங்கே வந்தால், கல்யாணம், சொந்தம் என்று சொல்லி இவர்கள் அவளைப் பழைய வரிசையிலேயே உட்காரவைத்துவிடுவார்களோ? நான் அதற்கு விடமாட்டேன். நீயும் துணைக்கு இருக்க வேண்டும்.

இப்போது உனக்கு ஒரு வேலை. தென்னை ஈர்க்கில் நம் ஊரில் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கயல் கேட்கிறாள், பட்டறையில் காட்ட வேண்டுமாம். பொள்ளாச்சியில் உன் தோப்புப் பக்கம் ஈர்க்கு சீவும் அம்மாக்களிடம் கேட்டு, அவர்களுக்குச் சம்மதமானால் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. கை அசைவு தெரிய வேண்டும், உன் விரல் மறைக்காமல் எடு. பேச்சியின் முகவரி கிடைத்தால் அதையும் அனுப்பு. ஈரோட்டில் இருப்பதாகக் கேள்வி.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மீனா