அப்பாவின் றலிக்கு நிறம் பூசக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

அப்பாவின் றலிச் சைக்கிள் திரும்பவும் ஓடுகிறது. முந்தநாள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து நல்லூருக்குப் போய் வந்தேன். வழியில் இரண்டு பேர் "புதுசோ?" என்று கேட்டுவிட்டார்கள். அந்தச் சந்தோசத்தில்தான் இந்த மடல்.

சந்திச் சைக்கிள் கடை அண்ணைக்கு முதல் நன்றி. நான் பிறேமை மண்ணெண்ணெயால் கழுவிய கையோடு ஸ்பிரேயைத் தூக்க, "தம்பி, அந்தப் பிசுக்கில பெயின்ற் பிடியாது, தின்னரால துடை" என்று மறித்தவர். பெடல் அச்சு போகும் ஓட்டைக்கும் ஹாண்டில் கழுத்துக்கும் டேப் ஒட்டச் சொன்னவரும் அவர்தான். புரிக்குள் பெயின்ற் போனால் அச்சைத் தாங்கும் கப் ஏறாதாம். கூலி வேண்டாமென்று ஒரு பிளேன்ரீயோடு எழும்பிவிட்டார்.

மண்ணெண்ணெய் தந்தது அம்மா. 'தந்தது' என்பது கொஞ்சம் கூட. "கரண்ட் இல்லாத காலத்தில ஜாம் போத்தல் விளக்குக்குச் சொட்டுச் சொட்டாய் விட்ட எண்ணெய், நீ சைக்கிள் கழுவுறாய்" என்ற பேச்சும் சேர்ந்துதான் வந்தது.

கேற்றுக்குப் பூசி மிஞ்சிய, துருப் பிடியாமல் காக்கும் அன்ரிகொரசிவ் பெயின்ற்றைத் தந்த பக்கத்து வீட்டு மாமாவால் ஒரு ரின் காசு மிச்சம். அதைப் பூசிக் காயவிட்டு, பிறேமை மாங்கொப்பில் தூக்கிக் கட்டினேன். பச்சை ஸ்பிரேயைக் கிட்டப் பிடித்து அடித்ததில் பெயின்ற் கண்ணீராய் வழிந்தது. போதாததற்கு இரண்டு முசுறு எறும்பு வந்து அதில் ஒட்டிக்கொண்டன. 400 சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து எல்லாவற்றையும் தேய்த்தெடுத்தவள் மருமகள். பிறகு, சோளகக் காற்று எழும்ப முன்னம், விடியவே ஒரு சாண் தள்ளி நின்று மெல்லிசாக மூன்று தரம் அடித்தேன். வழியவில்லை.

கராச்சில் வேலை செய்யும் நண்பா, உனக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். பின்சில்லுக்கு இறங்கும் கம்பியில் இருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் நீ புட்டிப் பசை தந்தாய். அது டைனமோ இறுக்கியிருந்த இடம். 90களில், கரண்ட் இல்லாத இரவுகளில், சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி அப்பா பெடல் மிதிக்க, அந்த டைனமோவில் ஓடிய றேடியோவில் நாங்கள் செய்தி கேட்டோம். அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் பச்சை மட்டும் பூசியிருக்கிறேன், தடவினால் விரலுக்குத் தெரியும்.

புட்டி ரின் திறக்காமல் இருக்கிறது. வந்தால் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
கொக்குவிலில் இருந்து